தண்ணீருக்கு விட்ட வழி

"ஒரு வீடு கேட்டா ரெண்டு வீடு வரைஞ்சு வெச்சிருக்கீங்களே மேடம்?"

கணவன் வரைபடத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். அப்போதும் இரண்டாகத்தான் இருந்தது. இந்தப் பக்கம் இரண்டு அறைகளும் அடுப்படியும். அந்தப் பக்கம் ஓர் அறை, சின்னதாக இன்னோர் அடுப்படி. நடுவே ஒரு பள்ளம், அதன் மேல் கூரை போட்ட மரப்பாலம்.

"உங்க நிலம் அப்படி," என்றாள் ஆர்க்கிடெக்ட். "மேட்டுல பெய்யற மழை இந்தப் பள்ளத்து வழியாத்தான் இறங்குது. மறிச்சுக் கட்டினா வீட்டுக்குள்ள வந்து நிக்கும். வழி விட்டா கீழே நாம தோண்டப் போற குளத்துல சேரும், கிணறு வத்தாது. காத்தும் இது வழியாத்தான் வருது."

"எல்லாத்தையும் ஒரே பக்கம் கட்டக் கூடாதா? எங்கம்மா மட்டும் தனியா கிடக்கணுமா?"

"கட்டலாம். பாறையை உடைக்கணும், அந்த மரங்களையும் வெட்டணும். பரவாயில்லையா?"

அவன் மனைவி யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் ஆர்க்கிடெக்டுக்கு ரகசியமாகப் போன் செய்தது அவள்தான். 'அத்தை ஒரு வார்த்தை தப்பா பேச மாட்டாங்க மேடம். ஆனா நான் உப்பு போடறப்போ பின்னாடி வந்து நிப்பாங்க. எனக்கு மூச்சே வராது. நடுவுல ஒரு சுவராவது வெச்சுக் கொடுங்களேன்.'

இப்போது சுவருக்குப் பதில் ஓர் ஓடையே வந்துவிட்டது.

அத்தை வரைபடத்தை வெகுநேரம் பார்த்தாள். "நிலம் சொன்னா கேட்டுத்தானே ஆகணும்," என்று எழுந்து போனாள்.

அந்தக் குரலில் வருத்தம் இருந்ததா? குளம் தோண்டிய மண்ணில் கல் அறுத்துச் சுவர் எழுப்பிய மாதங்கள் முழுவதும் மருமகளுக்கு அதே கேள்விதான். ஒவ்வொரு வரிசை கல் ஏறும்போதும், வயதானவளைத் தள்ளி வைக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

குடிபோன பின் முதல் பெருமழை. மேட்டிலிருந்து செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கி, பாலத்துக்கு அடியில் ஓடி, குளத்தில் விழுந்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. கணவன் குடையோடு குதித்துக்கொண்டிருந்தான்.

மழை விட்டதும் வீட்டைப் பார்க்க வந்த ஆர்க்கிடெக்டைப் பாலத்தின் நடுவே நிறுத்தினாள் மருமகள். எதிர்ப்பக்கம் அத்தையின் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. பழைய வீட்டில் அது முணுமுணுத்துக்கூட அவள் கேட்டதில்லை.

"உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல மேடம். இப்பல்லாம் நானே பாலத்தைத் தாண்டிப் போய் அத்தைகிட்ட உக்காந்து கதை பேசறேன். தைரியமா சமைக்கிறேன், அவங்களைச் சாப்பிடக் கூப்பிடறேன். நான் போன்ல கேட்டதை நீங்க அவங்க காதுல போடாம இருந்தீங்களே, அதுக்கே..."

"உங்க போன் வர்றதுக்கு முன்னாடியே நான் வரைஞ்சு முடிச்சிட்டேனே."

"அப்போ நிஜமாவே நிலத்துக்காகத்தானா?"

"பாறையைத் தொடாம ஒரே வீடா கட்டவும் வழி இருந்துச்சு." ஆர்க்கிடெக்ட் ரேடியோ பாடும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நிலத்தைப் பார்க்க வந்த அன்னிக்கு உங்க அத்தை என்னைத் தனியா கூட்டிட்டுப் போய் இந்தப் பள்ளத்தைக் காட்டினாங்க. 'என்னைப் பாத்தா என் மருமகளுக்குக் கரண்டி பிடிக்கிற கை நடுங்குதும்மா. என்னை அந்தப் பக்கம் போட்டுடு. யாரு கேட்டாலும் பழியை நிலத்து மேல போட்டுடு'ன்னாங்க."