குழிந்த பக்கம்

பேருந்து தலைகீழாக வந்தது.

சாலை மேலே, வானம் கீழே. நடுவில் சக்கரங்களால் தொங்கியபடி பேருந்து.

அவள் கம்பத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கோத்தகிரி மலைச்சாலையின் அந்த வளைவுக்கு, எதிரே வரும் வண்டியைக் காட்டும் குவி ஆடி ஒன்று வேண்டுமென்று அவள் படியேறாத அலுவலகம் இல்லை. போன மழைக்காலத்தில் அவள் கணவர் ஆல்வினின் கால் முறிந்தது அங்கேதான்.

இன்று காலை ஆடி வந்துவிட்டது. பளபளவென்று எவர்சில்வர் தகடு.

புடைத்த பக்கத்தைக் கம்பத்தோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். சாலையைப் பார்த்திருந்தது குழிந்த பக்கம்.

குழிந்த பக்கத்தில் தூரத்துப் பொருள் தலைகீழாக, இடம்வலம் மாறித் தெரியும்; பத்தாம் வகுப்புக்கு வருடா வருடம் அவள் நடத்தும் பாடம் அது.

நெடுஞ்சாலைத்துறைப் பொறியாளர் தணிகாசலத்துக்குப் போன் போட்டாள்.

"வண்டி தெரியுதா மேடம்?"

"தெரியுது. தலைகீழா."

"தெரியுதுல்ல?"

"சார், திருப்பி மாட்டியிருக்காங்க. இடது வலதாத் தெரியுது. இது இல்லாமலே இருந்திருக்கலாம்."

"பாத்துப் பழகினா சரியாயிடும் மேடம்."

வைத்துவிட்டார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கீழே ஸ்கூட்டர் சத்தம். ஆல்வின். கட்டுப் பிரித்தபின் இன்றுதான் வண்டியைத் தொட்டிருக்கிறார்.

மேலேயிருந்து ஒரு லாரி இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் ஆடியைப் பார்த்தார். லாரி தன் இடப்பக்கம் வருவதாகத் தெரிந்தது. வலப்பக்கம் ஒதுங்கினார்.

"ஏங்க! அந்தப் பக்கம் போகாதீங்க!"

கையை விரித்தபடி லாரிக்கு முன்னால் ஓடினாள்.

கிறீச்சென்று நின்றது. ரப்பர் தீய்ந்த நாற்றம். அவளுக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை.

"சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா?" லாரிக்காரர் கத்திவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஆல்வின் காலை ஊன்றி நின்றார்.

"லாரி அந்தப் பக்கம்தானே வந்துச்சு, ஜெசிந்தா?"

அவள் சாலையோர ஓடைக்குப் போனாள்.

ஓடையில் நேற்றைய மழையின் சேறு. இரண்டு கையாலும் அள்ளினாள். ஆடியின் மேல் எறிந்தாள்.

"ஏய், என்ன பண்றே? நீ அலைஞ்சு வாங்கினது அது!"

மறுபடி அள்ளினாள். முந்தானையில் வழிந்தது. எறிந்தாள். சாலை மறைந்தது, மரங்கள் மறைந்தன, கடைசியாக வானமும்.

மேலே ஏதோ ஒரு ஜீப். அதன் ஓட்டுநருக்கு வளைவுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

நீளமாக ஹாரன் அடித்தார்.

ஊர்ந்து ஊர்ந்து இறங்கினார்.