பானெட்டில் ஒரு புள்ளி

"இதோ, இங்க ஒண்ணு. இது என்னன்னு நீயே சொல்லு."

மேஸ்திரி சுட்டிக்காட்டிய இடத்தை அவர் மனைவி குனிந்து பார்த்தாள். கறுப்புக் கார். பானெட்டில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம், அப்படி மின்னியது.

"ஆமாங்க. சொட்டு நின்னு காஞ்சிருக்கு. நான்தான் கவனிக்கல. இருங்க, எடுத்துடறேன்."

"எடுத்துடறேன், எடுத்துடறேன். தினமும் இதே பாட்டு."

அந்த வாட்டர் சர்வீஸ் கொட்டகையில் அவர் வண்டியைக் கழுவுவார், அவள் துடைப்பாள். கடைசியில் அவர் ஒரு சுற்று வந்து பார்த்துத் தலையசைத்தால்தான் வண்டி வெளியே போகும். மேஸ்திரி பார்த்து அனுப்பிய வண்டி என்றால் அதற்குத் தனி மரியாதை. வேறு பக்கத்திலிருந்தெல்லாம் அவரைத் தேடி வருவார்கள்.

அந்தப் பேர்தான் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. புள்ளி இருக்கிறதென்று ஒரே வண்டியைத் திரும்பத் திரும்பக் கழுவினார். காலையில் விட்டுப்போனவர்கள் மதியம் வந்தும் காத்துக் கிடந்தார்கள். சிலர் முணுமுணுத்துக்கொண்டே கிளம்பினார்கள். அப்புறம் அவர்கள் வரவேயில்லை.

எங்கே தப்பு என்று அவருக்குப் பிடிபடவில்லை. உப்புத் தண்ணீரால் வருகிறதோ என்று கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர் பிடித்தார். வெயிலில் சோப்பு காய்ந்துவிடுகிறதோ என்று வண்டியை நிழலுக்குத் தள்ளினார். கண்ணாடி இடுக்கு, கைப்பிடி இடுக்கு எல்லாவற்றிலும் காற்றடித்து ஒளிந்திருந்த தண்ணீரை விரட்டினார். பழைய துணிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக மெத்துத் துணி வாங்கிப் போட்டார். புள்ளி மட்டும் போகவில்லை. ஒன்றைத் துடைத்தால் பக்கத்தில் இன்னொன்று முளைத்தது.

இனி சந்தேகப்பட மிச்சம் இருந்தது அவள் கை ஒன்றுதான்.

"துணிய விரிச்சுப் போட்டு அப்படியே உன் பக்கம் இழு. தேய்க்காத. துணி தானா ஈரத்தக் குடிக்கணும். எத்தனை தடவ சொல்றது?"

"சரிங்க."

அவள் துணியை விரித்தாள். இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தாள். துணி போன வழியெல்லாம் கறுப்பு இன்னும் கறுப்பானது.

மேஸ்திரி குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

"அப்படியேதான் இருக்கு. தெரியுதா இல்லையா?"

"தெரியுதுங்க," என்றாள் அவள், சற்றுத் தாமதித்து. "லேசா தெரியுது."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். கை இரண்டும் முழங்காலிலிருந்து தொங்கின.

"எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலதான். இதுவும் கைய விட்டுப் போயிட்டா நான் எதுக்கு?"

"அப்படிப் பேசாதீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் ஒழுங்கா தொடைக்கல."

"அப்ப நீ வேண்டாம். பொண்டாட்டின்னு பாத்தா பொழப்பு போயிடும். நாளையிலேர்ந்து வீட்டோட இரு. முதலாளிகிட்ட சொல்லி வேற ஆள் போட்டுக்கறேன்."

அவள் துணியை மடிக்க ஆரம்பித்தாள். அந்தப் பணிவுதான் அவருக்கு எரிச்சலைக் கிளப்பியது. எழுந்து துணியை வெடுக்கென்று பிடுங்கினார். அது கை நழுவித் தரையில் விழுந்தது. அதையே எடுத்து, உதறக்கூட இல்லாமல், பானெட்டின் நடுவில் வைத்து அழுத்தித் தேய்த்தார்.

"வேண்டாங்க, மண்ணு ஒட்டியிருக்கு," என்று அவள் அவர் கையைப் பிடிப்பதற்குள் கரகரவென்று சத்தம் கேட்டது. அவர் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கும்வரை தேய்த்தார்.

அலுவலக அறையிலிருந்து முதலாளி வந்தார். "மேஸ்திரி, வண்டிக்கார அம்மா எவ்வளவு நேரமா உக்காந்திருக்காங்க..." என்று தொடங்கியவர், காரைப் பார்த்ததும் நின்றார். "என்ன இது, இப்படிக் கீறி வச்சிருக்கு?"

"நான்தான் முதலாளி," என்று மனைவி முந்திக்கொண்டாள். "துணி கீழ விழுந்தத கவனிக்கல."

மேஸ்திரி பானெட்டின் மேல் முகம் உரசும் அளவுக்குக் குனிந்து தேடினார்.

"கீறலா? எங்க? புள்ளியச் சொல்றீங்களா முதலாளி? எல்லாம் இவ தொடைச்ச லட்சணம். இவள அனுப்பிட்டு வேற ஆள் போடுங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன்."

முதலாளி அவளைப் பார்த்தார். வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள்.

"போதும்மா," என்றார் அவர். "இதுக்கு மேல என்னால மறைக்க முடியாது."

மேஸ்திரியின் தோளில் கைவைத்தார்.

"புள்ளி இல்ல மேஸ்திரி. இந்த வண்டியில மட்டும் இல்ல, நீங்க திருப்பிக் கழுவின எந்த வண்டியிலயும் இல்ல. நீங்க எங்க காட்டினாலும் ஆமான்னு சொல்லச் சொல்லி எங்க எல்லார்கிட்டயும் கையெடுத்துக் கும்பிட்டது இந்தம்மாதான். தலைவலிக்குன்னு உங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களே, கண்ணு இனிமே தேறாதுன்னு டாக்டர் அன்னிக்கே இவங்ககிட்ட சொல்லிட்டாராம்."

மேஸ்திரி திரும்பி, எத்தனையோ நாளுக்குப் பிறகு மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார். அவள் கன்னத்திலும் அந்தப் புள்ளி நின்றுகொண்டிருந்தது.