காற்றை முடிந்த கயிறு

அந்தத் துறைமுகத்து மாலுமிகள் சூனியக்காரி சிக்ரிட்டிடம்தான் காற்று வாங்குவார்கள். கயிற்றில் மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுப்பாள். முதல் முடிச்சை அவிழ்த்தால் இளங்காற்று, இரண்டாவதில் பாய் புடைக்கும் காற்று, மூன்றாவதில் புயல். கடலில் காற்று செத்துப்போன அந்த வாரம் முடிச்சை அவிழ்த்து எல்லாப் படகுகளும் கரை சேர்ந்துவிட்டன, அவள் கணவன் ஆர்னேவின் படகைத் தவிர. அவள் கரையை விட்டு நகரவில்லை. கடைசியில் துடுப்பு வலித்தே வந்து சேர்ந்தான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். இடுப்பில் அவள் கொடுத்த கயிறு, முடிச்சு கலையாமல்.

"ஒன்னையாவது அவுத்திருக்கலாம்ல, மனுசா?"

"நீ போட்ட முடிச்சாச்சே. மனசு வரல."

"எனக்குன்னு வந்து வாச்சிருக்க பாரு" என்று திட்டிக்கொண்டே அவன் கைகளை மடியில் இழுத்து வைத்து, கொப்புளங்களுக்கு மேலாக முதல் முடிச்சை அவிழ்த்தாள்.