மானுக்குப் புல்

காட்டோரம் ஒரு வேங்கை மரத்தின் அடிக்கட்டை இருந்தது. மரம் போனாலும் அது துளிர்விடுவதை நிறுத்தவில்லை. புள்ளிமான் ஒன்று தினமும் வந்து அதை மேய்ந்தது.

ஒருநாள் மான் வந்தபோது, சுற்றியிருந்த கட்டைகளெல்லாம் வேரோடு பிடுங்கிக் குவிக்கப்பட்டிருந்தன.

"என்ன விசேஷம்?" என்று துளிரை மென்றபடியே கேட்டது.

"நிலத்தைத் திருத்திப் புல் விதைக்கப்போறாங்க," என்றது கட்டை. "உனக்குத்தான். நீ பட்டினி கிடக்கிறியாம்."

"யார் சொன்னா?"

"போன வாரம் அதிகாரிங்க வந்தாங்க. நீ அப்பத்தான் மேய்ஞ்சுட்டுப் போயிருந்தே. நான் மொட்டையா நின்னேன். இங்க மான் தின்ன ஒண்ணுமே இல்லைன்னு எழுதிக்கிட்டுப் போனாங்க."

மான் மெல்லுவதை நிறுத்தியது. "அன்னைக்கு நாலு இலை மிச்சம் வெச்சிருக்கலாம்."

"பரவாயில்லை. பின்பக்கம் இன்னும் ரெண்டு இருக்கு. தின்னுட்டு ஓடு, பொக்லைன் வருது."