யாரும் பயப்படாத பேய்

"கத்து றுஷ்னா! பேய் வருது, கத்து!"

றுஷ்னா வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு.

"நான் என்னங்க செய்ய? பேய் இருமுதே!"

தேங்காய் மட்டைப் புகைக்குள், தள்ளுவண்டியில் நின்றுகொண்டிருந்த பேய், அதாவது உடப்பு ஊர்ச் சஜீவன், கண்ணைக் கசக்கிக்கொண்டே மன்னிப்புக் கேட்டான்.

நௌஃபர் கமராவை நிறுத்தினான். பத்து வருஷமாக ஊரார் கல்யாணங்களை வீடியோ எடுத்தவன். தன் பெயரில் ஒரு படம் வர வேண்டும், அதைப் பார்த்து நாலு பேராவது நடுங்க வேண்டும் என்பது அவன் ஆசை. குறும்படப் போட்டிக்கு அனுப்ப நாளைதான் கடைசி நாள். இரவல் கமராவை இன்றைக்குப் பொழுது சாய்ந்து மக்ரிப் தொழுகைக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் மனைவி றுஷ்னாவின் ஒரே ஒரு அலறல்தான் பாக்கி. மூன்று நாளாக அது வரவே இல்லை.

கையில் காசில்லாதவன் பேய்ப்படம் எடுக்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது? ஆனால் கொஞ்சமாவது செலவு செய்தால்தான் பேயும் பேயாக இருக்கும் போலிருக்கிறது. பேய் மிதந்து வர மீன்பெட்டி ஏற்றும் வண்டி. அதை இழுக்கும் கயிறு நௌஃபரின் இடுப்பில். நூறு வருஷத்துப் பழைய பங்களாவுக்கு, நுரைச்சோலையில் ஸுலைஹா மாமியின் வீடு. ஜன்னலில் ஒட்டிய கறுப்புப் பொலித்தீனைக் காற்று கிழிக்கும்போதெல்லாம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி உள்ளே எட்டிப் பார்த்தது.

மாமி தனியாள். திங்கட்கிழமை கொழும்பில் அவருக்கு இருதய ஒப்பரேஷன். "அது வரைக்கும் எடுங்க மகன், வீடு சும்மாதானே கிடக்கு" என்று வீட்டை விட்டுக் கொடுத்திருந்தார். றுஷ்னா பேய்க்கென்று கொண்டுவந்த கட்டில் விரிப்பில் ரோசாப்பூப் போட்டிருந்ததைப் பார்த்து, "என்ட அலுமாரிக் கீழ்த்தட்டில வெள்ளத் துணி இருக்கு. நீயே எடு மகள். கறை மட்டும் படாமப் பாத்துக்கங்க" என்றவரும் அவர்தான்.

கறை படக்கூடாது என்பதால் பேய்க்கு ரத்தமும் இல்லை. இவ்வளவு சுத்தமான பேயை இந்தக் கரையில் யாரும் கண்டிருக்க மாட்டார்கள்.

"கடைசித் தரம்" என்றான் நௌஃபர். "சஜீவன், இருமாத. றுஷ்னா, அல்லாஹ்வுக்காகச் சிரிக்காத."

வண்டி நகர்ந்தது. அதன் சில்லு பூனைக்குட்டி போலக் கத்தியது. பேய் இரண்டு கையையும் நீட்டியது. பாதி வழியில் வண்டி ஒரு பக்கமாகச் சரிய, "ஐயோ அம்மாளே!" என்று கூப்பிட்டபடி பேய் தரையில் விழுந்தது.

றுஷ்னா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விழுந்த பேயும் சிரித்தது. மூன்று நாளும் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாமிக்கோ, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நௌஃபர் அப்படியே தரையில் குந்திவிட்டான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"மாமி, நீங்களுமா? உங்களுக்குக் கொஞ்சங்கூடப் பயம் வரல்லையா?"

"இல்ல மகன். ஒரு சொட்டும் இல்ல."

"அப்ப முடிஞ்சுது என்ட படம். இந்தத் துணியப் பாத்து உலகத்தில ஒருத்தரும் பயப்படப் போறதில்ல."

மாமி எழுந்து வந்து அவன் தலையைத் தடவினார். பிறகு சஜீவனிடம் துணியைக் கேட்டு வாங்கி, தூசு தட்டி, தானே மடிக்கத் தொடங்கினார்.

"திங்கக்கிழம ஆசுபத்திரிக்குக் கொண்டு போகணும்" என்றார்.

"இது எதுக்கு மாமி? போர்வையெல்லாம் அங்கேயே குடுப்பாங்களே" என்றாள் றுஷ்னா.

"இது போர்வ இல்ல மகள். மக்காவுக்கு உம்றாவுக்குப் போன நேரம், நான் மௌத்தாகிக் கண்ண மூடினா என்னச் சுத்துறதுக்கெண்டு ஸம்ஸம் தண்ணியில நனைச்சுக் கொண்டு வந்த கபன் துணி. ஒப்பரேஷன் எண்டு டொக்டர் சொன்ன நாளையிலிருந்து அந்த அலுமாரியத் திறக்கவே எனக்கு நடுக்கம். நீங்க மூணு பேரும் மூணு நாளா இதப் பாத்துச் சிரிச்ச சிரிப்பில, என்ட பயம் எல்லாம் போயிட்டு மகன்."