கீழ்நோக்கு நாளில் பூண்டு

சித்திரை வெயிலில் பீளமேட்டு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடி தோசைக்கல்லாய்க் காய்கிறது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் அரங்கசாமி, தொப்பியும் ரப்பர் கையுறையுமாகக் குந்தி, கறுப்புப் பைகளில் பூண்டுப் பல்லும் சின்ன வெங்காயமும் ஊன்றிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில், பறக்காதிருக்கக் கல் வைத்த தினக்காலண்டர் தாள்: கீழ்நோக்கு நாள். மண்ணுக்கடியில் விளைவதை இன்றைக்குத்தான் ஊன்ற வேண்டுமாம். நாளைப் பார்த்த மனிதர் மாதத்தைப் பார்க்கவில்லை. காயப்போட்ட வடகத்தைப் பார்க்க மாடியேறி வந்த புவனா அதே குடியிருப்புக்காரி, காரமடைப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவள். அவளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வருகிறது. வெங்காயத்துக்காவது மழை விழும் வைகாசிக் கடைசிவரை பொறுத்திருக்கலாம். பூண்டுக்குக் குளிர் வேண்டும், ஐப்பசிக்கு முன்னால் அதைத் தொடுவானா ஒருத்தன்? அதுவும் பல்லின் மூக்கைக் கீழே குத்தி, வேரை வானத்துக்குக் காட்டி! இந்த மேதைக்கு இடம் வேண்டுமென்றுதான் அவளுடைய வெங்காய வடகத் துணி தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. ஈரம் போகாமல் வடகம் புளித்த வாடை அடிக்கிறது. விமானமொன்று தாழப் போகிறது, அதன் நிழல் பைகள்மேல் ஓடி மறைகிறது. பூண்டுக்கு இன்றைக்குக் கிடைத்த குளிர்ச்சி அவ்வளவுதான். அவர் செல்போனில் படமெடுத்தபடியே கேட்கிறார்: "ஏனுங்க அம்மணி, எத்தன நாள்ல முளைக்குமுங்க?" புவனா வடகத் துணியின் இரண்டு முனைகளைப் பிடித்து வெயிலுக்கு இழுத்து, பைகளை ஒட்டி விரிக்கிறாள். பிறகு மரியாதை குறையாமல் சொல்கிறாள்: "முளைக்கறது எதுக்குங்க சார்? ரண்டு கரண்டி எண்ணெய் ஊத்துங்க, வதங்கியே வந்துருமுங்க."