புழு தின்னாத மீன்

கணவரோடு வந்து மீன் பையை மேசையில் வைத்த கையோடு, வண்ணமீன் கடைக்காரரை ஒரு பிடி பிடித்தாள் அவள்.

"தொட்டியில மருந்து ஊத்தினா உள்ள வளர்ற பவளப்பாறை செத்துடும், அதை அரிக்கிற புழுவையெல்லாம் இந்த மீனே தின்னு தீர்த்துடும்னு தலையில கட்டினீங்க. இப்ப பவளம் முழுக்கப் புழு. இது திரும்பிக்கூடப் பாக்கல."

"வயிறு நிறைஞ்சிருந்தா புழுவைத் தேடாதும்மா. இரை ஏதும் போடுறீங்களா?"

"ஒரு பொடிகூடப் போடல. டாக்டர் இவரை இளைக்கச் சொன்னாருன்னு பிஸ்கட்டையெல்லாம் அலமாரியில வெச்சுப் பூட்டியிருக்கேன். மீன் இரையும் அதுலதான். சாவி என் கைப்பையில."

கடைக்காரர் கொழுத்த மீனைப் பார்த்தார். பிறகு, அவளுக்குப் பின்னால் நின்ற கணவரின் தொப்பையைப் பார்த்தார்.

"இன்னொரு சாவி என்கிட்ட இருக்கு" என்றார் கணவர், தரையைப் பார்த்தபடி. "அது பட்டினியா பாத்துட்டு இருக்கும்போது, நான் மட்டும் திங்க மனசு வரல."